மூன்றாம் கிடங்கின் சுவர்

ஓடுபாதையை உடைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பிய வருஷம் மழை முந்திக்கொண்டது. நான் அப்போது காய்கறி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். தினமும் காலை ஆறரைக்குப் பழைய விமானத் தளத்துக்குள் வண்டியை விடுவேன். காளான் அண்ணனிடம் கூடைகளை ஏற்றிக்கொண்டு, டவர் அக்காவிடம் ஒரு டீ குடித்துவிட்டு டவுனுக்குப் போவேன். அண்ணனும் அக்காவும் புருஷன் பெண்டாட்டி. ஒன்பது வருஷம் இப்படிப் போய் வந்ததால் நான் அந்த வீட்டில் பாதி ஆள் மாதிரி. நடந்ததில் கொஞ்சம் என் கண்ணால் பார்த்தது. மிச்சத்தை அவர்களே ஆளுக்கொரு நாளாக என்னிடம் சொல்லித் தீர்த்தார்கள்.

தளம் என்றால் இப்போது யாருக்கும் புரியாது. போர்க்காலத்தில் வயல்களை அழித்து, பதினோரு மாதத்தில் கட்டி முடித்த இடம் அது. இரண்டரை வருஷம் விமானங்கள் போவதும் வருவதுமாக இருந்திருக்கின்றன. போர் முடிந்ததும் ஒரே வாரத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்கப்புறம் ஊர் அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிக்க ஆரம்பித்தது. வீடிழந்து வந்த சனங்களைத் தகரக் கொட்டகைகளில் குடிவைத்தார்கள். அவர்கள் போனதும் தானியக் கிடங்கு. விமானம் நிறுத்திய பெரிய கூடத்தில் கோழிப்பண்ணை வைத்து, நோய் விழுந்து மூடினார்கள்; இருபது வருஷம் கழித்தும் மழை பெய்தால் அங்கே கோழி வாடை வரும். பாராசூட் தைத்த கொட்டகை முதலில் பள்ளிக்கூடமாகி, பிறகு மரக்கடையானது. ஓடுபாதையில் பாதியில் மக்காச்சோளம் காயும். மீதிப் பாதியில் லாரி ஓட்டப் பழகுகிறவர்கள் நாள் முழுக்க ரிவர்சில் போய்க்கொண்டே இருப்பார்கள். கண்காணிப்புக் கோபுரத்தின் கீழ் அறையில்தான் அக்காவின் டீக்கடை. டவர் அக்கா என்று பேர் வந்தது அதனால்தான்.

எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கி, வேலி ஓரத்தில் மூன்று குண்டுக் கிடங்குகள். தடித்த கான்கிரீட், மேலே மண் மூடி, மண்ணுக்கு மேலே புல். வெளியே இருந்து பார்த்தால் மூன்று மேடு, அவ்வளவுதான். ஆடு ஏறி மேயும். உள்ளே நடுக் கோடையிலும் குளுகுளு என்று இருக்கும், ஒரு சொட்டு வெயில் புகாது. "குண்டுக்கு எது ஒத்துக்குமோ அதுதான் தம்பி காளானுக்கும் ஒத்துக்குது" என்பார் அண்ணன். மூன்றையும் வாடகைக்கு எடுத்து, வைக்கோலை அவித்து, பாலிதீன் பைகளில் வித்தோடு அடைத்து, இரும்பு அடுக்குகளில் வரிசையாக வைத்திருந்தார். பையில் போட்ட கீறல் வழியே சிப்பிக் காளான் கொத்துக் கொத்தாக, காது காதாக வெளியே வரும். அதைத் திருகி எடுக்கிற பக்குவம் அவர் கைக்கு மட்டும்தான். வேறு யாராவது தொட்டால் முறைப்பார்.

அண்ணன் அந்த இடத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். இதைச் சொல்லாமல் கதை நகராது. அக்காவின் அப்பா போர்க்காலத்தில் வாலிபனாக அந்தக் கிடங்குகளில் குண்டு ஏற்றும் கூலியாக இருந்தார். பிறகு சாகும்வரை அதே தளத்தின் வாட்ச்மேன். பீப்பாயை நெடுக்கில் பிளந்து கவிழ்த்த மாதிரி இருந்த தகர வீடு ஒன்றை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டில்தான் அண்ணனும் அக்காவும் இருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் வெளியூரில் நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அண்ணனுக்குப் பேரே கிடையாது. 'வாட்ச்மேன் மருமகன்' என்றுதான் சொல்வார்கள். மாமனார் செத்து, காளான் போட்டு, அது பிடித்து, ஆறேழு வருஷம் ஆன பிறகுதான் அவர் 'காளான்' ஆனார். "எனக்குன்னு ஒரு பேரு முளைக்கவே வைக்கோல் அவிக்க வேண்டியிருந்துது" என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்தது வாய் மட்டும்தான்.

அந்த மழைக்காலத்தில் வந்தார் அளவுக்காரர். ஓடுபாதையை உடைத்து ஜல்லி ஆக்குவதற்கு முன்னால், அங்கே என்னென்ன இருந்தது, எது எதுவாக மாறியது என்று பதிவு செய்யச் சொல்லி யாரோ அனுப்பியிருந்தார்கள். ஐம்பதைத் தொடுகிற வயசு. ஒல்லி. மூக்குக் கண்ணாடியில் ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் நூல் கட்டியிருக்கும். கையில் அளவு நாடா, தோளில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். இந்த ஆளைப் பார்த்து ஒருத்தர் பொறாமைப்படுவார் என்று சொல்லியிருந்தால் நான் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன்.

முதல் நாள் டீ குடிக்க வந்தவர் அக்காவிடம் ஏதோ கேட்டிருக்கிறார். அக்கா பதில் சொல்லியிருக்கிறாள். அவர் இன்னொன்று கேட்டிருக்கிறார். நாலாம் நாள் நான் போனபோது டேப் சுற்றிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் அக்கா பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படிக்கட்டுக்கு அடியிலதான் சார் சின்ன வயசுல நான் தூங்குவேன். அப்பா ரோந்து போயிட்டு வர்ற வரைக்கும். மேல கண்ணாடி உடைஞ்சு காத்து ஊதும் பாருங்க, அது யாரோ என்னைக் கூப்பிடுற மாதிரி இருக்கும்."

"பயமா இருக்குமா?"

"பயமா? நான் பதில் சொல்லுவேன். என்ன, என்னன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கூடையோடு வாசலில் வந்து நின்றிருந்த அண்ணனை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். கூடையை இறக்காமல், ஈரக் காலோடு அப்படியே நின்றார்.

வண்டியில் கூடை ஏற்றும்போது கேட்டார். "தம்பி, இந்தப் படிக்கட்டுக் கதை உனக்குத் தெரியுமா?"

"இல்லையே அண்ணே."

"எனக்கும் தெரியாது. பதினெட்டு வருஷமா ஒரே கூரைக்குக் கீழ இருக்கேன்."

அன்று மத்தியானம் வீட்டில் பேச்சு முற்றியிருக்கிறது. காளானும் வெங்காயமும் மிளகு தட்டிப்போட்டு வதக்கி வைத்திருந்தாளாம் அக்கா. அவருக்குப் பிடித்தது. தட்டைத் தள்ளி வைத்திருக்கிறார்.

"ஏன், உப்பு இல்லையா?"

"எல்லாம் இருக்கு. படிக்கட்டுக் கதைய எனக்கு ஏன் சொல்லல?"

"எந்தப் படிக்கட்டு?"

"அதான், அந்தாளுக்குச் சொன்னியே."

"அவர் கேட்டாரு, சொன்னேன்."

"நான் கேட்டாத்தான் சொல்லுவியா?"

"நீங்க என்னிக்காவது கேட்டிருக்கீங்களா? வைக்கோல் வந்துதா, தண்ணி புடிச்சியா, வேன் போயிடுச்சா. இந்த மூணத் தவிர நீங்க என்கிட்ட வேற என்ன கேட்டிருக்கீங்க?"

பதில் இல்லாதவனுக்குக் கோபம்தானே கைத்தடி. "பெட்டிக்குள்ள உன் சிரிப்பப் புடிச்சு வெச்சுக்கிட்டுப் போறான் அவன். ராவுல வீட்டுல போட்டுக் கேப்பான்" என்றிருக்கிறார்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்திருக்கிறாள். "சீ, உங்களுக்கு வயசு நாப்பத்தாறு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அண்ணனுக்கு உள்ளுக்குள் காந்தல் நிற்கவே இல்லை. அளவுக்காரர் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை டீ, எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார் என்றெல்லாம் என்னைக் கேட்பார். காளான் பறிக்கிற கையில் பதற்றம் வந்து கொத்து உடைய ஆரம்பித்தது. ஒரு நாள் நான் சொன்னேன், "அண்ணே, அந்த மனுஷன் அக்கா முகத்தக்கூட நிமிர்ந்து பாக்கறதில்ல. குறிப்பெழுதுற தாளத்தான் பாக்குறாரு."

"பாத்தாக்கூடப் பரவாயில்ல தம்பி" என்றார். "முகத்த யாரும் பாக்கலாம். அவன் கேக்குறான். அதுதான் எனக்குப் பொறுக்கல."

இன்னொன்றும் இருந்தது. அக்கா பேசியது எல்லாம் அவள் அப்பாவைப் பற்றி. எந்த வீட்டில் மருமகனாக நுழைந்து, பதினோரு வருஷம் பாடுபட்டு அவர் தன் பேரை முளைக்க வைத்தாரோ, அதே வீட்டில் செத்த கிழவர் மறுபடி எழுந்து உட்கார்ந்துகொண்டார். அளவுக்காரர் கிடங்கைப் பார்க்க வந்தபோது அண்ணனிடம், "அப்ப நீங்கதான் வாட்ச்மேனோட மருமகனா?" என்று கேட்டாராம். மரியாதையாகத்தான் கேட்டிருப்பார். அண்ணனுக்கு அது செருப்பால் அடித்த மாதிரி.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் கடையில், நாங்கள் எல்லாரும் இருக்கும்போது, அக்கா சுவர் விஷயத்தைச் சொன்னாள். மூன்றாம் கிடங்கின் பின் சுவரில் அப்பா கரிக்கட்டியால் என்னவோ எழுதிவைத்திருக்கிறார். சின்ன வயசில் ஒரு தடவை பார்த்திருக்கிறாள்; படிக்கத் தெரியாத வயசு. அப்புறம் கிடங்கைப் பூட்டிவிட்டார்கள். திறந்தபோது இரும்பு அடுக்கு போட்டுத் தானிய மூட்டை; அந்த அடுக்கை அசைக்காமலே அதற்குப் பிறகு காளான். அடுக்குச் சந்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு மூன்று எழுத்து தெரியும், அவ்வளவுதான்.

அளவுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா, அத இன்னிக்கே படம் எடுக்கணும்."

"இப்ப முடியாது" என்றார் அண்ணன். "பை எல்லாம் பூத்து நிக்குது. வெளி ஆள் போனா கிருமி புகுந்திடும். மகசூல் முடியட்டும்."

அது பொய் இல்லை. காளான் போடுகிற யாரும் அதைத்தான் சொல்வார்கள். மகசூல் செவ்வாய்க்கிழமை முடியும், அடுக்குகளை வெளியே இழுத்துவிடுவேன், புதன்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் வாயாலேயே சொன்னார். வெளிச்சத்துக்கு விளக்கும் பாட்டரியும் என் வேனில் கொண்டுவருவதாக நானும் ஒப்புக்கொண்டேன். அக்கா விரலை மடக்கி நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நடந்தது அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அடுக்குகளை இழுத்து வெளியே போட்டார். காய்ந்த பைகளை அள்ளிக் குப்பைக் குழியில் கொட்டினார். ஒரு மகசூல் முடிந்தால் சுவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, சுண்ணாம்பு அடிப்பது வழக்கம். அடுக்குக்குப் பின்னால் கைபோகாது என்பதால் பின் சுவரை மட்டும் அதுவரைக்கும் விட்டிருந்தார். பக்கச் சுவர்கள் இரண்டையும் முடித்தார். வாளியில் சுண்ணாம்பு மிச்சம் இருந்தது. வாசல் வழியாகக் கோபுரம் தெரிந்தது. கீழே பெஞ்சில் அளவுக்காரரின் வெள்ளைச் சட்டை. பக்கத்தில் அக்கா, கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கேக்கல தம்பி. அவ்வளவு தூரத்துல என்ன கேக்கும்? ஆனா கை ஆடுது பாரு, அது தெரிஞ்சுது. என்கிட்ட பேசறப்ப அவ கை ஆடினதே இல்ல."

கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு பின் சுவருக்குப் போனார்.

புதன்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. நான் பாட்டரியை இறக்கினேன். அளவுக்காரர் காமிராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா தலையில் துண்டு போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். நடையா அது, ஓட்டம். உள்ளே விளக்கைப் போட்டேன்.

மூன்று பக்கமும் வெள்ளை வெளேர் என்று இருந்தது. சுண்ணாம்பின் காரம் மூக்கில் ஏறியது. பின் சுவரின் அடியில் கரி கரைந்த தண்ணீர் ஓடித் தரையில் சாம்பல் நிறத்தில் காய்ந்திருந்தது.

அண்ணன் வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கே கூச்சமாக இருந்தது.

அளவுக்காரர் சுவர் கிட்டே போய் விரலால் தொட்டுப் பார்த்தார். "என்னம்மா இது?" என்றார்.

அக்கா தலைத் துண்டை எடுத்து உதறினாள். பிறகு சாதாரணக் குரலில், டீக்கு எவ்வளவு சர்க்கரை என்று கேட்கிற குரலில் சொன்னாள். "ஒவ்வொரு மகசூலுக்கும் அடிக்கிறதுதான் சார். நான்தான் அவர்கிட்ட இந்தச் சுவத்த விட்டுடுங்கன்னு சொல்ல மறந்துட்டேன். என் தப்பு."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டாள். புருஷனைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர் ஒதுங்கி வழி விட்டார். வெளியாள் முன்னால் அவள் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்திருக்கும் அவருக்கு.

அன்று கடையைத் திறக்காமல் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் போய் எதிரே உட்கார்ந்தார்.

"புதன்கிழமைங்கறது ஞாபகம் இருந்துதா?" என்று கேட்டாள்.

"இருந்துது."

"அப்ப தெரிஞ்சேதான்."

"தெரிஞ்சேதான்."

"என்ன எழுதியிருந்துது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"படிச்சிருப்பீங்க. தேய்க்கணும்னா கிட்டத்துல போய்த்தானே தேய்க்கணும். சொல்லுங்க."

அந்தச் சுவரை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். படிக்காமல் இருக்க முடியவில்லையாம். ஒரு வரி படிப்பார், தேய்ப்பார், அடுத்த வரி படிப்பார். மேலே எல்லாம் விமான நம்பர். ஏழாம் நம்பர், வந்துது. மூணாம் நம்பர், வரல. தான் குண்டு ஏற்றிய ஒவ்வொரு விமானமும் திரும்பி வந்ததா என்று கூலிக்காரர் எழுதிவைத்திருக்கிறார். கீழே வரவர நம்பர் போய் ஆட்கள் வந்தார்கள். பேர் தெரியாததால் இவரே வைத்த பட்டப்பேர். பூனைக்கண்ணன், வந்தான். தொப்பி போடாதவன், வரல, அவன் கொடுத்த சோப்பு இன்னும் தீரல. சீட்டி, வந்தான். சீட்டி, இன்னிக்கும் வந்தான்.

"சீட்டி யாரு?" என்றாள் அக்கா.

"சீட்டி அடிச்சுக்கிட்டே நடக்கிற விமானி போல. அவனப் பத்தித்தான் நெறைய."

இங்கேதான் அண்ணன் தடுமாறினார். முழங்காலுக்குக் கீழே, சுவரின் அடியில், சின்ன எழுத்தில் நாலைந்து வரி இருந்தது. அந்த வரிகளை வைத்து ஒரு பொய் சொல்ல முடியும். உங்க அப்பா மானம் போகக் கூடாதுன்னுதான் அழிச்சேன் என்று சொல்லலாம். அவள் நம்புவாள், அழுவாள், ஒருவேளை கையைக்கூடப் பிடித்துக்கொள்வாள். "அந்தப் பொய் நாக்கு நுனியில வந்து தேன் மாதிரி தித்திச்சுது தம்பி" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அதைச் சொல்லாமல் வரிகளைச் சொன்னார்.

"சீட்டி தையல் கொட்டகைப் பக்கம் போறான். அவளும் சிரிக்கிறா. இது ஒரு நாளைக்கு. அடுத்த நாளைக்கு, இன்னிக்குச் சீட்டியோட விமானத்துக்கு நான்தான் ஏத்தினேன். ஏத்தும்போது, இவன் திரும்பி வரக் கூடாதுன்னு நெனச்சேன். அதுக்குக் கீழ, சீட்டி வரல."

பாராசூட் தைத்த கொட்டகையில் வேலை பார்த்தது அவள் அம்மா. அங்கேதான் அப்பா அம்மாவைப் பார்த்துப் பேசிக் கல்யாணம் செய்துகொண்டார் என்று அவளுக்குத் தெரியும். சீட்டியைப் பற்றி யாரும் அவளிடம் சொன்னதில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"கடைசி வரி அதுதான். அவகிட்டச் சொல்லிட்டேன். ஒரு வருஷம் பேசல. அப்புறம் வந்தா."

மழை விட்டுவிட்டு மறுபடி பிடித்தது.

"இதப் படிச்சதாலயா அழிச்சீங்க?"

பொய் மறுபடி, கூப்பிடாமலே, கைநீட்டினால் எட்டும் இடத்தில் வந்து நின்றது.

"இல்ல" என்றார் அண்ணன். "தேய்க்க ஆரம்பிச்சப்ப ஒரு வரிகூடப் படிக்கல. நீ அவன்கிட்ட கை ஆட்டிப் பேசினது பொறுக்காமத்தான் ஆரம்பிச்சேன். கீழ வந்து இதப் படிச்சதும் யாரோ என்னப் பத்தி எழுதி வெச்ச மாதிரி இருந்துது. அப்பவாவது நிறுத்தியிருக்கலாம். இன்னும் வேகமாத் தேய்ச்சேன்."

அக்கா எழுந்தாள். "எங்கப்பா எழுதினத நான் படிக்கல. நீங்க படிச்சிருக்கீங்க" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கிடையாது. "அந்தக் குரல்ல இருந்தது கோபம்கூட இல்ல தம்பி, அவங்கப்பா எழுத்தப் படிச்ச கண்ணு என்னுதாப் போச்சேன்னு அவளுக்கு எரிஞ்சுது" என்றார் அண்ணன்.

மறுநாள் நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மழையால் லாரிப் பயிற்சி இல்லை, கடையில் கூட்டம் இல்லை. அளவுக்காரர் கணக்கு முடித்துக் கிளம்புகிற மாதிரி சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் வந்தார். குளித்து, நல்ல சட்டை போட்டிருந்தார். அளவுக்காரருக்கு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்து, "பெட்டியப் போடுங்க சார். சுவத்துல இருந்தத நான் படிச்சேன். சொல்றேன்" என்றார்.

ஏழாம் நம்பரிலிருந்து ஆரம்பித்தார். அளவுக்காரர் விடவில்லை. "எந்த உயரத்துல இருந்துது?" "என் தலைக்கு ஒரு சாண் மேல சார்." "ஒரே கையெழுத்தா?" "ஒரே கைதான். ஆனா கீழ வரவர நடுக்கம்." "கோடு போட்டு எழுதியிருந்தாரா?" கேட்கக் கேட்க அண்ணன் முகம் மாறியது. பெஞ்சின் நுனிக்கு நகர்ந்தார். கை தானாக எழுந்து காற்றில் சுவரைக் காட்டியது. தன்னை ஒருத்தர் கேட்டால் எப்படி இருக்கும் என்று அந்த மனுஷனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அக்கா அடுப்பைப் பார்த்து நின்றாள். தன் அப்பாவின் வார்த்தை ஒவ்வொன்றும் புருஷன் வாயிலிருந்து மூன்றாம் மனிதரின் பெட்டிக்குள் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சீட்டி, இன்னிக்கும் வந்தான்" என்று சொல்லி அண்ணன் நிறுத்தினார்.

"அவ்வளவுதானா?" என்றார் அளவுக்காரர்.

அண்ணன் அக்காவின் முதுகைப் பார்த்தார்.

"மிச்சத்தையும் சொல்லச் சொல்லுங்க சார்" என்றாள் அக்கா, திரும்பாமல்.

சொன்னார். அளவுக்காரர் டேப்பை நிறுத்தினார். "இது உங்க குடும்ப விஷயம்மா. வேண்டாம்னா விட்டுடறேன்."

அக்கா திரும்பினாள். "எங்கப்பா இத வீட்டுச் சுவத்துல எழுதல சார். குண்டுக் கிடங்குல எழுதினாரு. குண்டு ஏத்தினவன் மனசுல இருந்ததும் அந்தக் குண்டோடதானே போச்சு? எழுதிக்கோங்க."

அளவுக்காரர் எழுதிக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "படிவத்துல ஒரு கட்டம் இருக்கு. சுவர் எழுத்து இப்ப இல்லாததுக்குக் காரணம்னு. என்ன போடட்டும்?" என்றார்.

"பொறாமைன்னு போடுங்க" என்றார் அண்ணன்.

"யாருக்கு? யார் மேல?"

"எனக்கு. உங்க மேலதான்."

எனக்கு டீ புரையேறிவிட்டது. அளவுக்காரர் நூல் கட்டிய கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். "என் மேலயா?" என்றார். "எங்க வீட்டுல நான் என்ன கேட்டாலும் பதில் சொல்ல ஆள் கிடையாதுங்க. அதனாலதான் வெளியில கேட்டுக்கிட்டுத் திரியறேன்."

அன்று சாயங்காலம் அவர் போய்விட்டார். அடுத்த மாதம் மிஷின்கள் வந்து ஓடுபாதையை ஒரு முனையிலிருந்து கடிக்க ஆரம்பித்தன. கான்கிரீட் தூசி காளான் பைவரை பறந்து வந்தது.

வீட்டில் பேச்சு நின்று போயிருந்தது. அக்கா சமைத்தாள், துவைத்தாள், வைக்கோல் அவிக்கும்போது விறகு தள்ளிக் கொடுத்தாள். ஆனால் பேச்சு என் வழியாகத்தான். "தம்பி, உங்கண்ணன்கிட்டச் சொல்லு, வித்துப் பாக்கெட் நாளைக்குத்தான் வருமாம்." அண்ணன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பார். "தம்பி, கேட்டுக்கிட்டேன்னு சொல்லு" என்பார். நான் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்புவேன். அவர் தினமும் அவளிடம் ஒரு கேள்வி கேட்கப் பழகியிருந்தார். சின்ன வயசுல எந்தப் பள்ளிக்கூடம்? அந்தக் கொட்டகையிலயா? மழை ஒழுகுமா? பதில் வராது. அவரும் விடவில்லை. அளவுக்காரர் மேல் இருந்த எரிச்சல் முழுசாகப் போனதாகவும் சொல்ல முடியாது. "அவன் கேட்டா ஒரே கேள்வியில வந்துடும் பதில்" என்று என்னிடம் புகைவார்.

நாலு மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் தபாலாபீசில் அவர்கள் பேருக்கு ஒரு பார்சல் இருந்தது. வாங்கிக்கொண்டு வந்தேன். அளவுக்காரரின் பதிவு, தடித்த அட்டை போட்டு, ஒரு பிரதி. கடைப் பெஞ்சில் வைத்துப் பிரித்தோம். வரைபடம், அளவு, கோபுரம், கோழிப்பண்ணை. நடுவில் நாலு பக்கத்துக்கு மூன்றாம் கிடங்கின் சுவர், வரி வரியாக. 'வாய்மொழியாகத் தெரிவித்தவர்: காளான் விவசாயி' என்று போட்டிருந்தது. அண்ணன் அந்த வரியை விரலால் தடவினார். வாட்ச்மேன் மருமகன் என்று எங்கேயும் இல்லை.

கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் முகம் சுருங்கியது. 'எழுத்து அழிந்ததற்கான காரணம்: வழக்கமான பராமரிப்பின்போது சுண்ணாம்பு பூசப்பட்டது.'

"நான் இதச் சொல்லலையே" என்றார்.

"மரியாதைக்காக மாத்தியிருப்பாரு அண்ணே" என்றேன்.

"எனக்கு எதுக்கு அவன் மரியாதை? மாமனாரு சுவத்துல மறைக்காம எழுதி வெச்சிருக்காரு. என்னுதுக்கு மட்டும் இவன் வெள்ளையடிக்கிறானா?" என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். அந்த வரியை அழுத்தி அடித்தார். மேலே ஒரே ஒரு வார்த்தை எழுதினார்.

அக்கா டம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பொறாமைக்குப் பெரிய ற" என்றாள். "நீங்க சின்ன ர போட்டிருக்கீங்க."

அண்ணன் நிமிர்ந்தார். நாலு மாதத்துக்கப்புறம் அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை. அவர் வாய் திறக்கிறதுக்குள் அவள் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டு பெஞ்சில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நகருங்க" என்று சொல்லிவிட்டு எழுத்தைத் திருத்தினாள்.